எங்கட ஆக்களின்ரை எச்சில்

எங்கள் வீட்டில் ஒருவர் வாய் வைத்த தம்ளரில் இன்னொருவர் குடித்ததில்லை. அம்மாவின் சட்டம் அது. சின்ன வயதில் ஒருநாள் அண்ணையின் கையிலிருந்த பிஸ்கட்டில் ஒரு கடி கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். அம்மா கண்டுவிட்டு இரண்டு பேரையும் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாய் கொப்பளிக்க வைத்தார். லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சட்டம் தளரவில்லை. நாங்கள் கத்தோலிக்கர். இங்கே பூசையில் எல்லோருக்கும் ஒரே கிண்ணத்தில் திராட்சை இரசம் கொடுப்பதைக் கண்ட அம்மா, ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்பத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அப்படிப்பட்ட மனுஷியின் சாப்பாட்டு மேசையில் ஒரு சனிக்கிழமை மூன்று பிளாஸ்டிக் குழாய்கள் எங்கள் எச்சிலுக்காகக் காத்திருந்தன. அதைச் சொல்வதற்கு முன் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணைக்கு பைபோலார். இருமுனைக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் நித்திரை இல்லாமல், பேச்சு ஓயாமல், உலகத்தையே விருந்துக்கு அழைக்கும் காலம் 'மேலை'. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடக்கும் காலம் 'கீழை'. நான் கல்யாணம் கட்டிப்போன குட்மேய்ஸிலிருந்து தொலைபேசி எடுத்து அண்ணை எப்படி என்று கேட்டால், கோலியர்ஸ் வுட்டில் அவரோடு இருக்கும் அம்மா, "இப்ப நடுவிலைதான்" என்பார். அந்த 'நடுவில்' என்ற சொல்லைக் கேட்பதற்காகவே நான் வருடக்கணக்காகத் தொலைபேசி எடுத்திருக்கிறேன்.

முதல் தரம் அவர் மேலே போனது இருபத்துச் சொச்சம் வயதில். அப்போது பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். பகலிலும் நித்திரை கொள்ளாமல் ஒரு கீபோர்டு வாங்கிக்கொண்டுபோய் டூட்டிங் பிராட்வே ஸ்டேஷன் வாசலில் நின்று மாதா பாட்டு வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தாராம். மூன்றாம் நாளும் வீட்டுக்கு வராமல் வாசித்ததால்தான் பொலிஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் நோயின் பெயரைச் சொன்னபோது அம்மாவும் அப்பாவும் அழுதார்கள். நானும் அழுதேன். அண்ணை மட்டும், தெரிந்த ஒருவரைத் தெருவில் கண்டதுபோல, "இது எங்கட மாமாவின்ரை எல்லே" என்றார்.

மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணன். ஊரில் எங்களோடு ஒரே வளவில் இருந்தவர். கோவிலில் ஹார்மோனியம் வாசிப்பவர். அவருக்கும் இதே மேலை, இதே கீழை. மேலை என்றால் பூசை மணிக்கு முன்பே ஹார்மோனியம் ஊரை எழுப்பிவிடும். கீழை என்றால் பின்னறையில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பார். அந்த அறை வாசலில் பாயைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பாடம் படித்த ஒரே பிள்ளை அண்ணைதான். மாமா ஒரு சொல்லும் பேசமாட்டார், அண்ணையும் பேசமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இரண்டு தட்டு உள்ளே போகும்.

ஊரில் இந்த நோய் வந்தவர்களை என்னவெல்லாம் செய்தார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமாவை ஒருவரும் கட்டி வைக்கவில்லை, அடிக்கவில்லை, எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. கல்யாணம் கட்டாமலே, நாங்கள் இங்கே வந்த பிறகு சித்தி வீட்டில் தலை நரைத்து, பல் விழுந்து, தன்னுடைய கட்டிலில் கண்ணை மூடினார். செத்தவீட்டு வீடியோ கசெட்டில் இங்கே வந்தது. அண்ணை அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு சனம் பார் என்று பெருமைப்பட்டார்.

அண்ணை கீழையில் கிடக்கும் காலங்களில் எங்கள் ஆறுதல், டொக்டரின் ஆறுதல், பாதரின் ஜெபம் ஒன்றும் எடுபடாது. அவரே தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஒரு வசனம்தான் அவரை எழுப்பும். "மாமா இதோடை கிழவனாகுமட்டும் இருந்தவர்தானே. நானும் அவரின்ரை ரத்தம். நானும் இருப்பன்." இதைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறி வந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் மாமா எனக்கு வெறும் மாமா இல்லை. அண்ணை உயிரோடு இருப்பதற்கு லித்தியம் குளிசை ஒரு காரணம் என்றால் மாமா மற்றக் காரணம்.

இதே மாமாவை அப்பாவின் சகோதரிகள், எங்கள் மாமிமார், வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். அண்ணைக்கு இப்படியொரு வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து அவர்கள் வாயில் ஒரே பேச்சு: "அது தாய்வழி. தமையனைத் தெரியும்தானே." கல்யாண வீடு, பிறந்தநாள், திவசம் எதுவென்றாலும் யாராவது ஒரு மாமி இதைப் பெருமூச்சோடு சொல்வார். எனக்குக் கல்யாணம் பேசி வந்தபோதுகூட மாப்பிள்ளை வீட்டாரிடம், எங்கட பக்கம் ஒரு குறையும் இல்லை, தாய் பக்கம்தான் கொஞ்சம் விசர், பைத்தியம் என்று கூசாமல் சொன்னவர்கள். அதையும் மீறி என்னைக் கட்டிய மனுஷனை நான் இன்றைக்கும் கொஞ்சம் மரியாதையோடு நடத்துவதற்கு அதுதான் காரணம். மாமிகளில் இப்போது ஒருவர்தான் மிச்சம். அவரும் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குட்மேய்ஸிலேயே இருக்கிறார். என் ராசி அப்படி.

அம்மா இத்தனை காலத்தில் ஒருமுறைகூடத் திருப்பிப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு சோறு பரிமாறுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லித்தியம் எடுப்பவர்கள் இடைக்கிடை இரத்தம் சோதிக்க வேண்டும். அப்படிப் போன ஒருநாள் கிளினிக்கிலிருந்து அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் உற்சாகம். மேலே போகிறாரோ என்று பயந்து, இரவு நித்திரை கொண்டாரா என்று கேட்டேன். அது இல்லை. மனச்சோர்வும் பைபோலாரும் குடும்பங்களில் எப்படி இறங்கி வருகின்றன என்று மரபணு ஆராய்ச்சி ஒன்று நடக்கிறதாம். இதுவரை சேர்த்து வைத்திருப்பதில் பெரும்பங்கு வெள்ளைக்காரர்களுடையதாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றும் உறுதியாகச் சொல்ல ஏலாதாம்.

"எங்கட ஆக்களின்ரை எச்சில் அவையிட்டைக் காணாதாம் பிள்ளை," என்றார் அண்ணை. "அம்மாவும் நீயும் தந்தால் இன்னும் நல்லதாம்."

அம்மாவிடம் சொன்னபோது, இரத்தமென்றாலும் பரவாயில்லை, எச்சிலை எப்படி முன்பின் தெரியாத ஒருவரின் கையில் கொடுப்பது என்று கேட்டார். அண்ணை விடவில்லை. எச்சிலுக்குள்ளேயும் அதே மரபணுதான் இருக்கிறது, ஊசி குத்தாமல் எடுக்கலாம் என்று விளங்கப்படுத்தினார். கடைசியில் அம்மா சம்மதித்தது விஞ்ஞானத்துக்காக இல்லை. மகன் ஒன்றை இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு முழங்கால் ஏலாது என்பதால் ஆராய்ச்சிப் பெண் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. குழாயில் துப்புவதற்கு முன் அரைமணி நேரம் ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. இதை நான் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, பிறகும் ஒருமுறை சொன்னேன். அன்று காலை குட்மேய்ஸில் ரயில் ஏறி, மாறி, கோலியர்ஸ் வுட்டில் இறங்கிப் போய்ச் சேர்ந்தால் வாசலிலேயே மட்டன் ரோல்ஸ் வாசம். உள்ளே அண்ணை வாய் நிறைய ரோல்ஸோடு இருக்கிறார், பக்கத்தில் தேத்தண்ணீர். நான் கத்துவதற்கும் அழைப்பு மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. வெறும் வயிற்றோடு பிள்ளை எப்படித் துப்பும் என்று அம்மா என்னையே திருப்பிக் கேட்டார்.

வந்த பெண் சின்னவள், வேல்ஸ் பக்கத்தவள், நல்ல பொறுமைசாலி. பரவாயில்லை, அரைமணி நேரம் இருந்து மற்றக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம் என்றாள். அவளுக்கும் ரோல்ஸ் வந்தது. அம்மா மேசையில் பிளாஸ்டிக் விரிப்பொன்றைப் போட்டு, அதன்மேல் பழைய பேப்பரைப் போட்டு, குழாய்களைத் திருஇருதயப் படத்துக்கு நேரே இல்லாமல் ஓரமாக நகர்த்தி வைத்த பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். ஒரே ஒரு மரபணுவால் வரும் நோய் இல்லை இது. தாய் பக்கம், தகப்பன் பக்கம் இரண்டிலிருந்தும் சின்னச் சின்னதாய்ப் பல சேர வேண்டும். அதோடு வாழ்க்கையில் பட்டதும் சேரும். யுத்தம், ஓட்டம், பசி, பயம் இவையெல்லாம் மரபணுவின் எழுத்தை மாற்றுவதில்லை. ஆனால் எந்த எழுத்து வேலை செய்வது, எது சும்மா இருப்பது என்பதை அவை மாற்றக்கூடும். அதற்கான அடையாளங்களையும் தேடுகிறார்கள். நான் இதைத் தமிழில் சொல்லத் தொடங்கி நடுவில் சிக்கிக்கொண்டேன். அண்ணை, நீ விடு என்று கையைக் காட்டிவிட்டு அம்மாவின் ஜெபப் புத்தகத்தை எடுத்துவந்தார்.

அந்தப் புத்தகத்தை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். செத்தவர்களின் படம் போட்டு அச்சடித்த நினைவு அட்டைகளைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்து வைத்து, மூட முடியாமல் வீங்கிப்போன புத்தகம். அண்ணை அதை மேசையில் நிமிர்த்தி வைத்துக் கையை விட்டார். அது அப்பாவின் அட்டை இருந்த பக்கத்தில் விரிந்தது. திரும்பவும் விட்டார். இந்த முறை மாமாவின் அட்டை.

"எழுத்து மாறேல்லை அம்மா. அச்சடிச்சபடிதான் கிடக்கு. ஆனா எங்கை நீங்கள் அட்டை வைச்சியளோ அங்கைதான் திறக்குது. அதைத்தான் இவை பாக்கினம்."

அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கும் அப்போதுதான் சரியாக விளங்கியது. அந்தப் பெண்ணுக்கு நான் மொழிபெயர்த்தபோது அவள் தன் கணினியில் அதை எழுதிக்கொண்டாள்.

பிறகு குடும்ப மரம் வரையத் தொடங்கினாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் கறுப்பு. முதலில் அப்பாவின் பக்கம். யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றார் அம்மா. அப்பாவின் தகப்பனார் மாரிகாலம் வந்தால் மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராமல் ஜெபம் பண்ணுவாரே, அவருடைய தங்கை ஒருவர் தேவமாதா தன்னோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டிலுள்ள சாமான்களையெல்லாம் தெருவில் போவோருக்குக் கொடுத்தாரே என்று நான் கேட்டேன். அது பக்தி என்றார் அம்மா.

"ஓம். அப்பா பக்கத்திலை ஒருத்தருக்கும் விசர் இல்லை," என்றார் அண்ணை. "எல்லாருக்கும் பக்தி."

நானும் அண்ணையும் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணும் காரணம் தெரியாமல் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அடுத்தது அவருடைய பக்கம் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணையே முந்திக்கொண்டு மாமாவைப் பற்றிச் சொன்னார். ஹார்மோனியம், பின்னறை, இரண்டு தட்டுச் சாப்பாடு எல்லாம். அவள் அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டு, இரண்டையும் கோட்டால் இணைத்து, சதுரத்தைக் கறுப்பாக்கினாள். அம்மாவின் வட்டத்தின் கீழே அண்ணையின் கறுப்புச் சதுரம். தாயின் கூடப்பிறந்தவருக்கும் இதே நோய் என்பது தங்களுக்கு மிகவும் உதவும், அம்மாவின் மாதிரி இனி இன்னும் முக்கியம் என்றாள். அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிட்ட பிள்ளை தோற்றுப்போகும்.

"அம்மா, உங்கட எச்சிலுக்குள்ளை மாமாவைத் தேடப்போகினமாம்."

அம்மா எழும்பினார். தேத்தண்ணீர் போடப் போவதாகச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். யாரும் ஒன்றும் குடிக்கக் கூடாது என்று இருந்த நேரத்தில் தேத்தண்ணீர் என்றதும் எனக்கு என்னவோ போலிருந்தது. பின்னால் போனேன்.

கேத்தலில் தண்ணீர்கூடப் பிடிக்கவில்லை. அம்மா சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பிள்ளை தேடினாலும் அங்கை மாமா இருக்கமாட்டார்," என்றார். "மாமா எங்கட தாய் வயித்திலை பிறக்கேல்லை."

அம்மா மெல்லிய குரலில் சொல்லி முடித்தார். அம்மாவின் தகப்பனார் மாமாவுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி, இவனுக்கு நான் பொறுப்பு என்று சொன்னவர். பிறகு அந்தப் பிள்ளையின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாயும் காய்ச்சலில் போய்விட்டார். ஞானத்தகப்பன் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குடும்பப் பெயரையும் கொடுத்தார். அம்மா பிறந்தது அதற்குப் பிறகுதான். அம்மா கண் திறந்த நாளிலிருந்து அவர்தான் அண்ணன். வாலிபத்தில் அவருக்கு நோய் வெளிப்பட்டபோது சொந்தக்காரர்கள் வந்து, இது நீ பெற்ற பிள்ளையா, எங்கேயாவது கொண்டுபோய் விடு என்றார்களாம். அம்மாவின் தகப்பனார் அவர்களை அனுப்பிவிட்டு வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டு, இந்தப் பேச்சு இனி இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வரக்கூடாது என்றார். அதன்பிறகு வரவில்லை.

"அப்பாவுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாராம். அப்பாவும் தன் சகோதரிகளிடம் மூச்சு விடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடம். முப்பது வருடம் அந்த மாமிமார் இந்த மனுஷியை இரத்தம் கெட்டவள்போல நடத்தினார்கள், இவர் தலையைக் குனிந்துகொண்டு அவர்களுக்கே சோறு போட்டார். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவர்களுடைய வாய் அன்றைக்கே மூடியிருக்கும் என்று கத்தாத குறையாகச் சொன்னேன்.

"மூடியிருக்கும்," என்றார் அம்மா. "அதுக்கு மாமாவை வெளியிலை விட வேணும்."

அம்மா தொடர்ந்தார். பொய்யை எழுதக் கொடுக்கவும் ஏலாது. இது எத்தனை பேருடைய பிள்ளைகளுக்கு மருந்து தேடும் அலுவல், இல்லாததைத் தேடி அவர்கள் மினைக்கெடக் கூடாது. நான் திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்கு இரகசியமாகத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட வேண்டும். பிறகு என் கையைப் பிடித்தார்.

"தம்பிக்கு மட்டும் தெரியக் கூடாது பிள்ளை. அவனுக்கு மாமா வேணும்."

எங்கள் வீட்டில் தம்பி என்றால் அம்மாவுக்கு மூத்த மகன்தான். அவர் குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் வெறுமையான ரோல்ஸ் தட்டு. சாப்பிட்டு முடிந்ததும் தட்டைக் கழுவ எடுத்து வருவது அவருடைய வழக்கம், அதை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்ட முகம்தான் அது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனுஷனின் கையிலிருந்து பிடிமானத்தைப் பறித்துவிட்டோம் என்று மனம் அடித்துக்கொண்டது.

அண்ணை தட்டைச் சிங்க்கில் வைத்தார்.

"அரை மணித்தியாலம் முடிஞ்சுது," என்றார். "வாங்கோ."

போய் உட்கார்ந்தோம். அண்ணை தன் குழாயில் துப்பி, மூடி, கொடுத்தார். நானும் ஒருவழியாக முடித்தேன். அம்மாவுக்கு வரவேயில்லை. பயத்தில் வாய் காய்ந்துபோயிருந்தது. அந்தப் பெண் அவசரமில்லை என்கிறாள், அம்மா குழாயை வாயருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருக்கிறார். அதுவரை ஒருவரையும் பார்க்காமல் இருந்த அண்ணை, கதிரையை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"மாங்காயை நினையுங்கோ அம்மா. புளி மாங்காய். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டது."

வந்துவிட்டது. மூன்று குழாய்களும் ஒரு பைக்குள் போனதும், அண்ணை அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், ஒரு திருத்தம் இருக்கிறது, மாமா எங்கள் தாத்தா எடுத்து வளர்த்த பிள்ளை என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியென்றால் அந்தச் சதுரத்தை அழிக்க வேண்டுமா என்றும் அவரே கேட்டார். அவள் அழிக்கத் தேவையில்லை என்றாள். வளர்ப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு முறை இருக்கிறது: சதுரத்தின் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி, முழுக்கோட்டுக்குப் பதில் விட்டு விட்டுப் போகும் கோடு. மரபணுக் கணக்கில் அவர் வரமாட்டார், ஆனால் யாரோடு வளர்ந்தீர்கள் என்பதும் எங்களுக்கு முக்கியம் என்று சொல்லி, கோட்டை மாற்றினாள். அண்ணை தலையாட்டினார். இதை அம்மாவுக்கு அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைக்கவே எனக்கு இப்போதும் பிடிக்காது. அண்ணை வேலைக்குப் போனார், குளிசை போட்டார், சாப்பிட்டார். கீபோர்டைத் தொடவில்லை. பேச்சும் இல்லை. தொலைபேசியில் அம்மா, "மேலையும் இல்லை, கீழையும் இல்லை. அவனை எனக்கு விளங்கேல்லை" என்று அழுதார். நான் வேலை முடிந்ததும் லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடினேன். அவர் வேலை செய்யும் தமிழ்க் கடைக்குள் வாடிக்கைக்காரிபோல நுழைந்து முருங்கைக்காய் தெரிவு செய்வதுபோல நின்று அவருடைய முகத்தை ஆராய்ந்தேன். எதுவும் பிடிபடவில்லை. அந்தக் கிழமைகளில் எங்கள் வீட்டில் முருங்கைக்காய்க் கறி தவிர வேறு கறி இல்லை. என் மனுஷன் மரியாதை காரணமாக ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு பின்னேரம் ஸ்டேஷன்வரை வருகிறேன் என்று என்னோடு நடந்தார். வழமையான வழியை விட்டுவிட்டு வோண்டில் ஆற்றோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று, தான் மாமாவைப் பற்றி யோசிக்கவில்லை என்றார். இவ்வளவு நாளும் அம்மாவைப் பற்றித்தான் யோசித்தாராம்.

"ரத்தம் எண்டபடியாத்தான் மாமாவை வைச்சிருந்தவை எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தனான் பிள்ளை. ரத்தத்தைத் தள்ள ஏலாதுதானே. அதாலைதான் என்னையும் வைச்சிருக்கினம் எண்டு." வாத்துகள் அடுத்த கரைக்குப் போய்ச் சேர்ந்தன. "ரத்தம் இல்லாமலே வைச்சிருந்திருக்கினம்."

நான் அழுதேன். ஆற்றங்கரையில் நாயோடு வந்த ஒரு வெள்ளைக்கார மனுஷி எனக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். அண்ணை நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டு, தன்னுடைய கைக்குட்டையைத் தந்தார். அழுது முடிந்ததும் எனக்கு வழமைபோலக் கோபம் வந்தது. குட்மேய்ஸ் மாமியிடம் நாளைக்கே போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், அவருடைய பக்தியுள்ள தகப்பனாரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லப்போகிறேன் என்றேன். அண்ணை வேண்டாம் என்றார். சொன்னால் அம்மா முப்பது வருடம் பொறுத்தது வீணாகிவிடும் என்றார். சொல்லமாட்டேன் என்று அரைமனதோடு வாக்குக் கொடுத்தேன். அன்று நான் வீடு போய்ச் சேர முன்பே அம்மாவின் தொலைபேசி வந்தது. பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது. நடுவிலை, என்றார் அம்மா.

ஆராய்ச்சியிலிருந்து எங்களுக்கென்று தனியாக முடிவு ஒன்றும் வராது. அதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களுடையதைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், அதற்கும் வருடங்கள் எடுக்கும். அம்மா இதை ஏற்றுக்கொண்டார். அவருடைய கவலை வேறு. தங்கள் மூன்று பேருடைய குழாயையும் ஒன்றாக வைத்திருப்பார்களா, அல்லது பிரித்துவிடுவார்களா என்று அண்ணையிடம் அடிக்கடி கேட்பார். ஒன்றாகத்தான் வைத்திருப்பார்கள் என்று அண்ணை ஒவ்வொரு முறையும் சொல்வார். உண்மை எதுவென்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

சில மாதம் கழித்துச் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. மாமி எங்கள் மேசையிலேயே, எனக்கு எதிரே. அவருக்குப் பக்கத்தில் குழந்தையின் தாய் வீட்டார், எங்களுக்குப் புதியவர்கள். அண்ணை கீபோர்டு வாசித்துவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன நன்றாக வாசிக்கிறார் என்று அந்தப் புது மனுஷி பாராட்டினார். மாமி பெருமூச்சு விட்டார். எனக்கு அந்தப் பெருமூச்சு தெரியும்.

பாவம், வருத்தக்காரன், என்று மாமி தொடங்கினார். "எங்கட பக்கத்திலை உப்பிடி ஒண்டும் இல்லை. அது தாய்வழி. தாயின்ரை தமையன் ஒருத்தர் இருந்தவர்."

அம்மா தலையைக் குனிந்தார். கையில் ஒரு ரோல்ஸ், ஒரு கடி கடித்தபடி. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். வாக்காவது ஒன்றாவது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அண்ணை பேசினார். கோபமே இல்லாமல், மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஓம் மாமி. நான் எங்கட மாமா மாதிரித்தான். அம்மாவின்ரை பக்கம்."

மாமி இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் அவருக்கு ஓம் என்று சொன்னதில்லை. சாப்பிடு தம்பி, ஆறப்போகுது என்றார்.

அம்மா தலையை நிமிர்த்தினார். மகனைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த ரோல்ஸை, கடித்தது கடித்தபடியே, அவருடைய தட்டில் வைத்தார். அண்ணை அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அம்மா வாய் கொப்பளிக்கச் சொல்லவில்லை.